ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும் எப்படிப் பிடிக்கிறது? ரைபோசோமுக்குள் நடப்பது என்ன?

2024 நவம்பரில் நாஃபித்ரோமைசின் என்ற மாத்திரை அறிமுகமானபோது, 'இந்தியாவிலேயே உருவான முதல் ஆன்டிபயாடிக்' என்றும் 'அசித்ரோமைசினைவிடப் பத்து மடங்கு வீரியம்' என்றும் செய்திகள் வந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மருந்துக்கு மசியாத காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை ஒன்றுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்தச் சிகிச்சையில் உள்ள நான்கு மருந்துகளில் ஒன்று லினசோலிட். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

நோய் வேறு, மருந்து வேறு. ஆனால் இரண்டு மருந்தும் போய் உட்காரும் இடம் ஒன்றுதான்: பாக்டீரியாவின் ரைபோசோம். டாக்சிசைக்ளின், ஜென்டாமைசின், அமிகாசின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் என்று மருந்துக் கடைகளில் புழங்கும் பல பெயர்களின் இலக்கும் அதுவே. (அமாக்சிசிலின் இந்தக் கூட்டத்தில் சேராது. அது பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கும் ரகம்.)

ரைபோசோம் நம் உடலின் செல்களிலும் இருக்கிறது. அப்படியானால் இந்த மருந்துகள் நம்மை ஏன் கொல்வதில்லை? சில நேரங்களில் ஏன் காதையும் ரத்தத்தையும் பதம் பார்க்கின்றன? பத்து மடங்கு வீரியம் என்ற கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்.

## ரைபோசோம்: அடிப்படை

டிஎன்ஏவில் இருப்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பில் தேவையான பகுதி மட்டும் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. இதற்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அதற்கேற்ற அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்கிறது. கோத்து முடித்த சங்கிலிதான் புரதம். மூன்றெழுத்துத் தொகுதி ஒன்றுக்குக் கோடான் என்று பெயர். எழுத்து என்று இங்கே சொல்வது அடினைன், குவானைன், சைட்டோசின், யுராசில் என்ற நான்கு வேதிப்பொருள்களை.

அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்து ஆர்என்ஏ. அதன் ஒரு முனையில் அமினோ அமிலம், இன்னொரு முனையில் கோடானோடு பொருந்த வேண்டிய மூன்று எழுத்துகள்.

பாக்டீரியாவின் ரைபோசோமை 70எஸ் என்று குறிப்பார்கள். அது இரண்டு துண்டுகளால் ஆனது:

1. சிறிய துண்டு, 30எஸ். ஈ.கோலை பாக்டீரியாவில் இது 1,542 எழுத்து நீளமுள்ள 16எஸ் ஆர்என்ஏவும் 21 புரதங்களும் சேர்ந்தது. தூது ஆர்என்ஏவைப் படித்துச் சரிபார்ப்பது இதன் பொறுப்பு.
2. பெரிய துண்டு, 50எஸ். 2,904 எழுத்துள்ள 23எஸ் ஆர்என்ஏ, 120 எழுத்துள்ள 5எஸ் ஆர்என்ஏ, முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள். அமினோ அமிலங்களைப் பிணைப்பது இங்கே.

முப்பதும் ஐம்பதும் எண்பதுதானே, எழுபது எப்படி வந்தது? பாடப்புத்தகத்தைப் படிக்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. எஸ் என்பது எடை அல்ல. ஸ்வெட்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளரின் பெயரால் வந்த அலகு அது. மிக வேகமாகச் சுழலும் மையவிலக்கில் ஒரு துகள் எவ்வளவு விரைவாக அடியில் படிகிறது என்பதை அது அளக்கிறது. படியும் வேகத்தை எடையோடு வடிவமும் தீர்மானிக்கிறது. அதனால் இந்த எண்களைக் கூட்ட முடியாது. நம் செல்லின் ரைபோசோம் 80எஸ். அதன் துண்டுகள் 40எஸ், 60எஸ்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு பாக்டீரிய ரைபோசோமின் குறுக்களவு 20 நானோமீட்டருக்குச் சற்று மேல். எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ. வேகமாகப் பெருகும் ஒரு ஈ.கோலை செல்லுக்குள் இவை பல்லாயிரக்கணக்கில் இருக்கும்.

## புரதம் கோக்கப்படும் விதம்

தொடக்கம். தூது ஆர்என்ஏவில் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்பதே முதல் சிக்கல். ஓர் எழுத்து தள்ளி ஆரம்பித்தாலும் எல்லா மூன்றெழுத்துகளும் மாறிவிடும். பாக்டீரியாக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. தொடக்கக் கோடானுக்குச் சில எழுத்துகள் முன்னால் அடினைனும் குவானைனும் மிகுந்த ஒரு சிறு வரிசை இருக்கும். 16எஸ் ஆர்என்ஏவின் வால் பகுதியில் அதற்கு ஈடான எதிர் வரிசை இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் தொடக்கக் கோடான் சரியான இடத்தில் வந்து நிற்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஜான் ஷைன், லின் டல்கார்னோ இருவரும் 1974-இல் இதைக் காட்டினார்கள். நம் செல்கள் பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை. தூது ஆர்என்ஏவின் முனையைப் பிடித்து, அங்கிருந்து நகர்ந்து தேடுகின்றன. சிறிய துண்டு இடம் பிடித்ததும், ஃபார்மைல் மெத்தியோனின் என்ற முதல் அமினோ அமிலத்தோடு கடத்து ஆர்என்ஏ வந்து சேரும். பிறகு பெரிய துண்டு மேலே வந்து மூடும்.

நீட்சி. ரைபோசோமுக்குள் கடத்து ஆர்என்ஏக்கள் நிற்க மூன்று இடங்கள் உண்டு: புதிதாக வருபவருக்கு ஏ, வளரும் சங்கிலியைப் பிடித்திருப்பவருக்கு பி, வேலை முடிந்து வெளியேறுபவருக்கு இ. சுழற்சி இப்படி நடக்கிறது:

1. இஎஃப்-டியூ என்ற துணைப் புரதம், அமினோ அமிலம் ஏற்றிய கடத்து ஆர்என்ஏவை ஏ இடத்துக்குக் கொண்டுவருகிறது.
2. சிறிய துண்டு அதைச் சோதிக்கிறது. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புகிறது.
3. பெரிய துண்டின் மையத்தில், பி இடத்தில் தொங்கும் சங்கிலி ஏ இடத்தில் உள்ள அமினோ அமிலத்துக்கு மாறுகிறது. சங்கிலி ஓர் அலகு நீண்டுவிட்டது.
4. இஎஃப்-ஜி என்ற இன்னொரு துணைப் புரதம் எல்லாவற்றையும் ஒரு கோடான் தூரம் நகர்த்துகிறது. ஏ காலி, அடுத்தவர் வரலாம்.

ஈ.கோலையில் 37 டிகிரி வெப்பத்தில் இது விநாடிக்குச் சுமார் 15 முதல் 20 முறை நடக்கும். 300 அமினோ அமிலம் உள்ள ஒரு புரதம் தயாராக 20 விநாடி போதும்.

இரண்டாவது படியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு மருந்துக் குடும்பமே அங்கேதான் கை வைக்கிறது. கோடானும் கடத்து ஆர்என்ஏவும் பொருந்துவதை, எழுத்து ஜோடிகளின் ஒட்டும் பலத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் பிழை அதிகமாகிவிடும். ரைபோசோம் கையாளும் முறை வேறு. 16எஸ் ஆர்என்ஏவில் 1492, 1493 என்ற எண்களில் இரண்டு அடினைன்கள் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன. கடத்து ஆர்என்ஏ வந்ததும் இவை வெளியே புரண்டு, கோடானின் முதல் இரண்டு எழுத்து ஜோடிகளின் பள்ளத்தில் போய்ப் படிகின்றன. ஜோடி சரியாக இருந்தால் அந்தப் பள்ளத்தின் வடிவம் கச்சிதமாக இருக்கும், அடினைன்கள் பொருந்தும், சிறிய துண்டு இறுகி மூடும். தவறான ஜோடி என்றால் வடிவம் கோணிவிடும், பிடி கிடைக்காது. மூன்றாவது எழுத்தில் மட்டும் கெடுபிடி குறைவு. இப்படிச் சோதித்தும் சில ஆயிரம் அமினோ அமிலங்களுக்கு ஒன்று தவறாக நுழைந்துவிடுகிறது. பாக்டீரியா அதைத் தாங்கிக்கொள்கிறது.

முடிவு. மூன்று நிறுத்தக் கோடான்கள் உண்டு. அவற்றில் ஒன்று வந்தால் கடத்து ஆர்என்ஏவுக்குப் பதில் ஒரு விடுவிப்புப் புரதம் நுழைந்து சங்கிலியை அறுத்துவிடும். பிறகு துண்டுகள் பிரிந்து அடுத்த வேலைக்குப் போகும்.

பாக்டீரியாவில் உட்கரு கிடையாது. அதனால் தூது ஆர்என்ஏ முழுதாக எழுதி முடியும் முன்பே ரைபோசோம் அதன் முனையில் ஏறிப் படிக்கத் தொடங்கிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரைபோசோம்கள் ஒரே இழையில் ஓடும்.

## பிணைப்பது ஆர்என்ஏ

நெடுங்காலமாக உயிரியலாளர்கள் நினைத்தது இதுதான்: ரைபோசோமில் வேலை செய்வது புரதங்கள், ஆர்என்ஏ அவற்றைத் தாங்கி நிற்கும் வெறும் சட்டகம். நொதிகள் எல்லாம் புரதம் என்று பழகிப்போன காலம் அது. கலிஃபோர்னியாவில் ஹாரி நோலர் 1992-இல் பெரிய துண்டிலிருந்து புரதங்களைப் பெரும்பாலும் உரித்தெடுத்த பின்பும் பிணைக்கும் திறன் மிஞ்சுவதைக் காட்டியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அதைச் சாய்த்தது 2000-ஆம் ஆண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழு, சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் 50எஸ் துண்டை அணு அளவில் படம்பிடித்தது. பிணைப்பு நடக்கும் மையத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் (1.8 நானோமீட்டர்) தூரத்துக்குப் புரதமே இல்லை. இருந்தது முழுக்க ஆர்என்ஏ. (பாக்டீரியாக்களில் எல்27 என்ற புரதத்தின் வால் மட்டும் அருகே எட்டிப் பார்க்கும். வேதி வினையின் பளு அதன்மேல் இல்லை.)

அதே ஆண்டு 30எஸ் துண்டின் முழு அமைப்பை வெளியிட்டவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். இஸ்ரேலின் அடா யோனத், ஸ்டைட்ஸ் ஆகியோரோடு 2009-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். அவர் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பதோடு நம் பத்திரிகைகள் அன்று நிறுத்திக்கொண்டன. அவர் குழு செய்ததில் மருத்துவத்துக்கு நேரடியாகப் பயன்பட்டது வேறொன்று: ஸ்ட்ரெப்டோமைசின், ஸ்பெக்டினோமைசின், பரோமோமைசின் ஆகிய மூன்று மருந்துகளும் 30எஸ்ஸில் எந்தெந்த எழுத்தின் அருகே உட்காருகின்றன என்பதையும் சேர்த்தே படம் போட்டுக் காட்டினார்கள். மேலே சொன்ன இரண்டு அடினைன்கள் புரள்வது தெரிந்ததும் அந்த வேலையில்தான்.

## மருந்துகள் எங்கே உட்காருகின்றன?

1. டெட்ராசைக்ளின் வகை (டாக்சிசைக்ளின்): 30எஸ்ஸில் ஏ இடத்தின் ஓரம். புதிய கடத்து ஆர்என்ஏ நிலையாக உட்கார முடியாது. குழந்தைகளின் பல்லில் கறை படிவது இதனால் அல்ல; இந்த மருந்து கால்சியத்தோடு ஒட்டுவதால் வரும் தனிக் கதை அது.

2. அமினோகிளைக்கோசைடு வகை (ஜென்டாமைசின், அமிகாசின்): அந்த இரண்டு அடினைன்களின் இருப்பிடத்திலேயே இவை போய் அமர்ந்து, எப்போதும் வெளியே புரண்ட நிலையில் வைத்துவிடுகின்றன. சோதனை நடக்கும் முன்பே 'சரி' என்று முத்திரை குத்தியாயிற்று. தவறான அமினோ அமிலங்கள் நுழைந்து, கோணல்மாணலான புரதங்கள் உருவாகின்றன. அவை செல் சவ்வில் போய்ச் சேர்ந்தால் சவ்வே கெட்டு, மருந்து இன்னும் அதிகமாக உள்ளே வருகிறது. ரைபோசோமைத் தாக்கும் மருந்துகளில் பல, பாக்டீரியாவை வளரவிடாமல் நிறுத்தும். இந்த வகை கொன்றே விடுவது இதனால்தான். ஸ்ட்ரெப்டோமைசின் பக்கத்தில் வேறோர் இடத்தில் அமர்ந்து இதே போன்ற பிழையை உண்டாக்குகிறது.

3. குளோராம்ஃபெனிகால், கிளிண்டாமைசின், லினசோலிட்: 50எஸ்ஸில் பிணைப்பு மையத்துக்குள்ளேயே. அமினோ அமிலத்துக்கு நிற்க இடம் இருக்காது.

4. மேக்ரோலைடு வகை (எரித்ரோமைசின், அசித்ரோமைசின்): கோத்த சங்கிலி வெளியே போக 50எஸ்ஸுக்குள் ஒரு நீண்ட சுரங்கப்பாதை உண்டு. அதன் வாய்க்குச் சற்றுக் கீழே இவை ஒட்டிக்கொள்கின்றன. இடியாப்ப அச்சில் ஓர் ஓட்டை பாதி அடைபட்டது போல: சில சங்கிலிகள் இடுக்கில் நெளிந்து வெளியே வந்துவிடும், பல சங்கிலிகள் தொடக்கத்திலேயே நின்றுவிடும். எது வரும், எது நிற்கும் என்பது அந்தச் சங்கிலியின் வரிசையைப் பொறுத்தது.

இடங்கள் வேறு வேறு என்பதால் இரண்டைச் சேர்த்தும் அடிக்கலாம். தமிழ்நாட்டில் மழைக்காலம் வந்தால் ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சல் தலைகாட்டும். அதன் கடுமையான நிலைக்கு டாக்சிசைக்ளின் போதுமா, அசித்ரோமைசின் போதுமா என்ற கேள்விக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியா முழுக்க ஏழு மையங்கள், சுமார் 800 நோயாளிகள். இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதத்தினர் பாதிக்கப்பட்டார்கள். ஒற்றை மருந்து பெற்றவர்களில் 47, 48 சதவீதத்தினர். இறப்பை மட்டும் தனியே எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று சிறிய துண்டை அடைக்க, இன்னொன்று பெரிய துண்டை அடைக்கிறது என்பதே இந்தச் சேர்க்கையின் தர்க்கம்.

## நம் செல் தப்பிப்பது எப்படி? தப்பாதது எப்போது?

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை. பாக்டீரிய ரைபோசோமும் நம்முடையதும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை. மையப் பகுதிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் சில எழுத்துகளில்தான். 23எஸ் ஆர்என்ஏவில் மேக்ரோலைடுகள் பிடித்துக்கொள்ளும் 2058-ஆம் எழுத்து பாக்டீரியாவில் அடினைன், அதற்கு ஈடான இடத்தில் நமக்கு குவானைன். குவானைனில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கிளை மருந்தை இடித்துத் தள்ளுகிறது. 16எஸ் ஆர்என்ஏவில் அமினோகிளைக்கோசைடுகளுக்கு முக்கியமான 1408-ஆம் எழுத்திலும் அதே கதை: பாக்டீரியாவுக்கு அடினைன், நமக்கு குவானைன்.

ஆனால் நம் செல்லுக்குள் இன்னொரு ரைபோசோம் இருக்கிறது. ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, ஆதியில் பாக்டீரியாவாக இருந்து நம் மூதாதைச் செல்லுக்குள் குடியேறியது. அதன் ரைபோசோம் இன்றும் பாக்டீரிய ஜாடையில்தான் இருக்கிறது. 1408-க்கு ஈடான இடத்தில் அடினைன்தான். பக்கவிளைவுகள் பல இந்த ஜாடையால் வருபவை:

1. லினசோலிட்டை மாதக்கணக்கில் எடுத்தால் மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியும் தடைபடும். எலும்பு மஜ்ஜை போல ஓயாமல் பெருகும் திசு முதலில் தடுமாறுகிறது, நரம்பும் பாதிக்கப்படலாம். நிமோனியாவுக்குப் பத்து நாள் சாப்பிடுகிறவரைவிடக் காசநோயாளிக்கு ரத்தப் பரிசோதனைக் கெடுபிடி அதிகமாக இருப்பது இதனால்தான்.
2. அமினோகிளைக்கோசைடுகள் காதின் உட்செல்களைக் கெடுக்கக்கூடும். சிலருக்கு மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் ஆர்என்ஏவில் (பாக்டீரியாவின் 16எஸ்ஸுக்கு ஈடானது) 1555-ஆம் எழுத்து அடினைனிலிருந்து குவானைனாக மாறியிருக்கும். தாய்வழி வரும் மாற்றம் இது. அந்த ஓர் எழுத்து அவர்களின் ரைபோசோமை இன்னும் பாக்டீரியா போல ஆக்கிவிடுவதால், சாதாரண அளவு ஜென்டாமைசினே நிரந்தரச் செவிட்டுத்தன்மையை உண்டாக்கலாம். மான்செஸ்டரில், பச்சிளங்குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து அரை மணி நேரத்துக்குள் இந்த மாற்றத்தைக் கண்டறியும் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தாய்வழியில் மருந்தால் காது கேளாமல் போனவர்கள் இருந்தால் மருத்துவரிடம் சொல்வது நல்லது என்பதற்கும் காரணம் இதுவே.

வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது. நம்முடையதை எடுத்துப் புழங்கும். கொரோனா காலத்தில் அசித்ரோமைசினை வாங்கிக் குவித்ததில் அடிப்படைத் தர்க்கமே இடித்தது.

## பாக்டீரியாவின் பதிலடி

மருந்தின் பிடி சில எழுத்துகளில் இருப்பதால், தப்பிக்கும் வழியும் அங்கேயே இருக்கிறது.

காசநோய்க் கிருமியிடம் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணுத் தொகுதி ஒன்றே ஒன்றுதான். ஈ.கோலையிடம் ஏழு. ஈ.கோலையில் ஒரு தொகுதியில் எழுத்து மாறினாலும் மற்ற ஆறும் மருந்துக்கு வசப்படும் ரைபோசோம்களையே உண்டாக்கும். காசநோய்க் கிருமியில் ஓர் எழுத்து மாறினால் போதும், எல்லா ரைபோசோமும் ஒரேயடியாக மாறிவிடும். 1408-க்கு ஈடான எழுத்து குவானைனாக மாறிய கிருமியிடம் அமிகாசின் செல்லாது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனி மருந்தாகக் கொடுத்த 1940-களிலேயே நோயாளிகள் சில மாதங்களில் மீண்டும் மோசமானதற்கும், காசநோய்க்கு எப்போதும் கூட்டு மருந்து என்று ஆனதற்கும் இந்த எளிதான தப்பித்தல் ஒரு முக்கியக் காரணம்.

எழுத்தை மாற்றாமல் மறைக்கவும் முடியும். எர்ம் என்ற நொதி, 2058-ஆம் அடினைனின் மேல் மீத்தைல் குழு என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டிவிடும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளிண்டாமைசின் எல்லாம் சேர்ந்தே பிடி இழக்கும். இதில் பாக்டீரியாவின் சாமர்த்தியம் என்னவென்றால், எர்ம் மரபணு பல கிருமிகளில் சாதாரணமாக அணைந்தே கிடக்கிறது. அதற்கு முன்னால் ஒரு குட்டிச் சங்கிலிக்கான குறிப்பு இருக்கும். எரித்ரோமைசின் உட்கார்ந்த ரைபோசோம் அந்தக் குட்டிச் சங்கிலியின் நடுவே நின்றுவிடுகிறது. நின்றதும் தூது ஆர்என்ஏவின் மடிப்பு மாறி, எர்ம் செய்வதற்கான வழி திறக்கிறது. மருந்தே எதிர்ப்புக்கான சுவிட்சைத் தட்டுகிறது.

## செய்தியில் வரும் புதிய மருந்துகள்

இப்போது நாஃபித்ரோமைசினுக்கு வரலாம். இது மேக்ரோலைடின் உறவான கீட்டோலைடு வகை. 2058-ஐ ஒட்டிய பழைய இடத்தோடு, 23எஸ் ஆர்என்ஏவின் இன்னொரு மடிப்பிலும் ஒரு கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பிடி இருப்பதால், ஒன்று தளர்ந்தாலும் ஓரளவு தாங்கும். எர்ம் சுவிட்சையும் இந்த வகை எரித்ரோமைசின் அளவுக்குத் தட்டுவதில்லை. சமூகத்தில் பரவும் நிமோனியாவுக்கு, தினம் ஒரு வேளை மூன்று நாள் என்பது இதன் சிகிச்சை முறை. 'பத்து மடங்கு' என்பதை நோய் பத்து மடங்கு வேகமாகக் குணமாகும் என்று படிக்கக் கூடாது. சோதனைக் குழாயில் எவ்வளவு குறைந்த அளவில் கிருமி அடங்குகிறது என்பதும், நோயாளி குணமாவதும் வேறு வேறு அளவுகோல்கள். இது புதிய இடத்தைத் தாக்கும் மருந்தும் அல்ல. பழைய இடத்தை இறுக்கிப் பிடிக்கும் மருந்து.

கிரெசோமைசின் அதே திசையில் இன்னொரு படி. ஹார்வர்டு குழு 2024-இல் வெளியிட்ட இந்தச் செயற்கை மூலக்கூறு, ரைபோசோமில் உட்காரும் வடிவத்தில் முன்கூட்டியே மடித்து இறுக்கப்பட்டது. அதனால் எர்ம் மீத்தைல் ஒட்டிய ரைபோசோமையும் பிடிக்கிறது. எலிகளில் வேலை செய்திருக்கிறது.

புதிய இடம் என்று உண்மையிலேயே சொல்லத்தக்கது லாரியோசிடின். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரி ரைட் குழு, ஹாமில்டன் நகரத்து வீட்டுப் புறக்கடை மண்ணிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியா ஒன்று இதைச் சுரக்கிறது. 2025 மார்ச்சில் வெளியானது. சுருக்குக் கயிறு வடிவில் முடிச்சிட்ட சிறு புரதத் துண்டு இது. 30எஸ்ஸில் 16எஸ் ஆர்என்ஏவையும் ஏ இடத்துக் கடத்து ஆர்என்ஏவையும் சேர்த்துப் பிடித்து, ரைபோசோமை நகரவிடாமலும் பிழைபட வைத்தும் கெடுக்கிறது. மற்ற மருந்துகள் உட்காரும் இடம் இதுவல்ல. ஆகவே எர்ம்மின் மீத்தைல் இதைத் தடுக்காது. மனிதச் செல்களுக்கு ஆய்வகத்தில் தீங்கு தெரியவில்லை. எலிகளில் பலன் தெரிந்திருக்கிறது. மருந்தாக வருவதற்கு முன் அந்த மூலக்கூறை மாற்றியமைப்பதும், போதிய அளவு தயாரிக்க வழி காண்பதும் பாக்கி.